அமானிதமாக ஒரு வரி

பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் என்று பாலாற்றுப் பக்கத்துத் தோல் ஊர்களில் வணிகத்தையும் மார்க்கக் கல்வியையும் தனித்தனியே வைத்துப் பேச முடியாது. ஆம்பூருக்கு அருகே உமராபாத்தில் 1924இல் ஜாமிஆ தாருஸ்ஸலாம் அரபுக் கல்லூரியை நிறுவிய காகா முகம்மது உமர் ஒரு தோல் வணிகர். பச்சைத் தோலை வாங்கிப் பதனிட்டுக் கப்பலேற்றிய வருமானம் இந்த வட்டாரத்தில் பள்ளிவாசல்களுக்கும் மதரசாக்களுக்கும் கல்லூரிகளுக்கும் போயிருக்கிறது. அதனால், வெளிநாட்டில் சரக்கு விற்கும் நிறுவனம் அந்த நாட்டின் விற்பனை வரித் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டுமா என்ற கேள்வி இங்கே ஆடிட்டரின் மேசையோடு முடிந்துவிடாது. பதியாவிட்டால் அபராதம் எவ்வளவு என்பதை ஆடிட்டர் சொல்லிவிடுவார். பிடிபட வாய்ப்பே இல்லாத சிறு விற்பனைக்கும், நாம் ஓட்டுப் போடாத, நமக்குச் சாலை போடாத ஓர் அரசுக்கும், வரியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கடமை இறைவன் முன்னால் நமக்கு உண்டா என்பதை அவரால் சொல்ல முடியாது. உண்டு என்பது என் முடிவு. அந்த அரசுக்கு நம்மேல் அதிகாரம் இருக்கிறது என்பதற்காக அல்ல. அந்தப் பணம் ஒரு நொடிகூட வணிகருக்குச் சொந்தமாக இருந்ததில்லை என்பதற்காக.

முதலில் நடைமுறையைப் பார்த்துவிடலாம். டேனரிக்காரரோ ஷூ கம்பெனிக்காரரோ சென்னைத் துறைமுகத்தில் கப்பலேற்றும் வரை தன் பொறுப்பு என்ற ஒப்பந்தத்தில் ஒரு ஜெர்மன் இறக்குமதியாளருக்கு விற்றால், அந்த நாட்டு வரி முழுவதும் இறக்குமதியாளரின் வேலை. நெடுங்காலம் வணிகம் பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது. இப்போது சொந்தப் பெயரில் பையும் பெல்ட்டும் ஷூவும் செய்து, இணையத்தில் நேரே வாடிக்கையாளருக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். சரக்கை முன்கூட்டியே அயல்நாட்டுக் கிடங்கில் இறக்கி வைப்பவர்கள் இருக்கிறார்கள். வரியெல்லாம் கட்டி உங்கள் வாசலில் சேர்ப்பேன் என்று ஒப்பந்தம் போடுபவர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்குத்தான் கேள்வி. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 1 முதல், 22 யூரோ வரையிலான சிறு பொட்டலங்களுக்கு இருந்த வரிவிலக்கை எடுத்துவிட்டது. 150 யூரோ வரையிலான பொட்டலங்களுக்கு ஒரே இடத்தில் பதிந்து 27 நாடுகளுக்கும் வரி கட்டும் ஏற்பாடு உண்டு. இந்திய விற்பனையாளர் அதற்கு அங்கேயுள்ள ஓர் இடைப்பொறுப்பாளரை அமர்த்த வேண்டும். பிரிட்டன் 2021 ஜனவரி முதல், தன் நாட்டு வாடிக்கையாளருக்கு நேரே போகும் 135 பவுண்டு வரையிலான பொட்டலத்துக்கு விற்பவரே பதிந்து வரி வசூலிக்க வேண்டும் என்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018 ஜூன் 21 அன்று சவுத் டகோட்டா எதிர் வேஃபேர் வழக்கில், ஒரு மாநிலத்தில் கடையோ கிடங்கோ இல்லாத விற்பனையாளரையும் வரி வசூலிக்கச் சொல்லலாம் என்று தீர்ப்பளித்தது. பெரிய இணையச் சந்தைகள் வழியாக விற்கும்போது பெரும்பாலும் அந்தச் சந்தையே வரியைப் பிடித்துக் கட்டிவிடும். சொந்த இணையதளத்தில் விற்பவரைத்தான் யாரும் பார்ப்பதில்லை. மனசாட்சிக்கு வேலை வருவதும் அங்கேதான்.

மறுப்புகளில் மிகப் பழையதும் மிக வலுவானதும் மரபிலிருந்தே எழுகிறது. வழியை மறித்து வணிகரிடம் பிடுங்கும் சுங்கத்தை நபிமொழிகள் கடுமையாகக் கண்டிக்கின்றன. 'மக்ஸ்' எனப்படும் அந்தத் தண்டலை வசூலிப்பவன் சொர்க்கம் புகமாட்டான் என்ற கருத்துள்ள அறிவிப்பு அபூதாவூத் தொகுப்பில் இருக்கிறது. தமிழ் மரபும் சுங்கத்தை விரும்பியதில்லை. முதலாம் குலோத்துங்கனுக்கு மக்கள் வழங்கிய பெரும்பெயர் 'சுங்கம் தவிர்த்த சோழன்'. போர்களில் வென்ற அரசனை வரியை நீக்கியவனாக நினைவு வைத்திருப்பதே ஒரு தீர்ப்புதான். கிறித்தவ அறநூலாரிலும் ஒரு சாரார், சுங்கச் சட்டம் போன்றவை மனசாட்சியைக் கட்டுப்படுத்துவதில்லை, பிடிபட்டால் அபராதம் கட்டினால் போதும் என்று பல நூற்றாண்டுகள் வாதிட்டிருக்கிறார்கள். இத்தனை மரபுகள் எல்லை வரியைச் சந்தேகத்தோடு பார்த்திருக்கும்போது, பேரணாம்பட்டில் இருக்கும் ஒருவர் டென்மார்க்கின் வரிக்காக ஏன் கவலைப்பட வேண்டும்?

இந்த மறுப்பில் ஒரு பகுதி உண்மை. பலத்தைத் தவிர வேறு நியாயமில்லாத தண்டலுக்கு மனசாட்சி கட்டுப்பட வேண்டியதில்லை என்பதை நானும் ஏற்கிறேன். கஸ்ஸாலி, ஷாத்திபி போன்ற அறிஞர்கள் ஜகாத்துக்கு மேற்பட்ட வரியை அனுமதித்தபோதுகூட நிபந்தனைகள் வைத்தார்கள்: பொதுத் தேவை உண்மையாக இருக்க வேண்டும், கருவூலம் போதாமல் இருக்க வேண்டும், சுமை நியாயமாகப் பங்கிடப்பட வேண்டும். ஆனால் இந்த விவாதம் முழுவதும் வணிகரின் பொருளிலிருந்து அரசு எடுத்துக்கொள்வதைப் பற்றியது. இன்றைய விற்பனை வரியின் அமைப்பே வேறு. அந்தச் சுமை பொருளை வாங்கி அனுபவிப்பவர்மேல் விழுவது. வணிகர் அதை வாங்கி வைத்திருந்து, மாதமோ காலாண்டோ முடிந்ததும் ஒப்படைக்கிறார். நியூயார்க் மாநிலத்தின் வரிச் சட்டம், வாடிக்கையாளர் தரும் வரியை வணிகர் மாநிலத்தின் சார்பில் பொறுப்பாளராகவே பெறுகிறார் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. நம் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 76ஆம் பிரிவு, வரி என்று சொல்லி வாங்கிய தொகையை, அந்தப் பொருளுக்கு வரி உண்டோ இல்லையோ, அரசிடம் கட்டியே ஆக வேண்டும் என்கிறது. இரண்டுக்கும் அடியில் இருக்கும் கருத்து தோல் ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்த அமானிதம்: ஒருவர் இன்னொருவருக்காக நம் கையில் வைத்த பொருள்.

இதற்குச் சாட்சியம் வணிகரின் சொந்த ஜகாத் கணக்கிலேயே இருக்கிறது. ரமலானில் கையிருப்பு, சரக்கு, வர வேண்டிய பாக்கி எல்லாவற்றையும் கூட்டி, கொடுக்க வேண்டிய கடனைக் கழித்து, மீதியில் நூற்றுக்கு இரண்டரை கணக்கிடுவது இந்த வட்டாரத்தில் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஹனஃபி சட்டப் பள்ளியின் வழக்கம். அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி. அவருடைய வங்கிக் கணக்கில் கிடந்தால், அதை அவர் தன் செல்வமாகக் கணக்கிட்டு ஜகாத் கொடுப்பதில்லை. கொடுக்க வேண்டியதும் இல்லை, ஏனென்றால் அது அவருடையதல்ல. ஜகாத் கணக்கில் 'என் பணமல்ல' என்று ஒதுக்கிய தொகையை வரிக் கணக்கில் மட்டும் 'அரசு என்னிடமிருந்து பறிக்கிறது' என்று சொல்ல முடியுமா? ஜகாத் கொடுத்துவிட்டேன், அதனால் வரிக்கடமை தீர்ந்தது என்ற வாதமும் இதே இடத்தில் நின்றுவிடுகிறது. சவூதி அரேபியாவில் ஜகாத், வரி, சுங்கம் மூன்றையும் 2021 முதல் ஒரே ஆணையம் வசூலிக்கிறது. அங்கேயும் தன் சொத்துக்கு ஜகாத் கொடுக்கும் வணிகர், வாடிக்கையாளரிடம் வாங்கிய 15 சதவீத மதிப்புக் கூட்டு வரியைத் தனியாகத்தான் ஒப்படைக்கிறார். முதலாவது அவர் செல்வத்தில் ஏழைகளுக்குள்ள உரிமை. இரண்டாவது அவர் செல்வத்தில் சேரவே இல்லை.

கூர்மையான வாசகர் இங்கே ஒன்று கேட்பார். பதிவு செய்யாதவர் பில்லில் வரி என்று எதையும் போடவில்லையே. வாங்காததை எப்படி அமானிதம் என்பீர்கள்? அமானிதக் கருத்துக்கு இதைவிடக் கடினமான சோதனை இல்லை. ஹாம்பர்க்கில் ஒருவர் ஒரு ஜோடி ஷூவுக்கு 119 யூரோ கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே கடையில் எழுதியிருக்கும் விலையில் வரி அடங்கியிருக்கிறது என்பது எல்லோரும் அறிந்தது. 19 சதவீத வரியுள்ள நாட்டில் அந்த 119இல் 19 பொதுப்பணம் என்றே வாங்குபவர் நினைக்கிறார், சட்டமும் அப்படியே கணக்கிடுகிறது. பில்லில் பிரித்துக் காட்டாததால் அந்தப் பங்கு மறைந்துவிடாது. 'நான் 105 யூரோவுக்கே விற்கிறேன், வாடிக்கையாளருக்குத்தான் லாபம்' என்றால், தள்ளுபடி கொடுக்கப்பட்டது யாருடைய பங்கிலிருந்து என்று பார்க்க வேண்டும். இதில் அடிபடுபவர் ஜெர்மன் நிதியமைச்சர் மட்டுமல்ல. ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ அதே தரத்தில் ஷூ செய்து, முறையாகப் பதிந்து, வரியைச் சேர்த்து 119க்கு விற்பவரின் ஆர்டர் போகிறது. அளவிலும் நிறுவையிலும் குறைப்பவர்களைக் கண்டிக்க ஒரு தனி அத்தியாயமே குர்ஆனில் இருப்பதற்கு, சந்தையில் ஒருவர் மறைத்து எடுப்பது நேர்மையாக நிற்கும் இன்னொருவரின் வயிற்றில் அடிக்கிறது என்பதும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

ஏற்றுமதியாளர்கள் பலர் எண்ணிப் பார்க்காத இன்னொரு சாட்சியம் நம் நாட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. ஏற்றுமதியின் வழியில் நடக்கும் விற்பனைக்கு மாநிலங்கள் வரி போடக் கூடாது என்று அரசியலமைப்பின் 286ஆம் பிரிவு தடுக்கிறது. 1956இன் மத்திய விற்பனை வரிச் சட்டம் அந்த வழியின் எல்லையை வரையறுத்தது. 2017 ஜூலை 1இல் வந்த ஜி.எஸ்.டி. இன்னும் ஒரு படி மேலே போய், ஏற்றுமதியைப் பூஜ்ய வரி விற்பனை என்று வைத்தது. அதாவது ஷூவுக்கு வரி இல்லை என்பதோடு நிற்காமல், அதில் அடங்கிய தோலுக்கும் ரசாயனத்துக்கும் அட்டைப்பெட்டிக்கும் கொடுத்த வரியும் திரும்பி வருகிறது. இதற்காகத்தான் ஏற்றுமதியாளர் ஒவ்வொரு நிதியாண்டும் உறுதிமொழிக் கடிதம் கொடுக்கிறார், அல்லது வரி கட்டி ஏற்றுமதி செய்து ரீஃபண்ட் கேட்கிறார். இந்தச் சலுகைக்குப் பின்னால் இருக்கும் நியாயம் ஒன்றே: பொருள் எங்கே அனுபவிக்கப்படுகிறதோ அங்கே வரி விழ வேண்டும், ஆகவே புறப்படும் இடத்தில் எடுத்துவிடலாம். சென்னையில் ரீஃபண்ட் கேட்கும்போது 'இது வெளிநாட்டில் வரி விழும் சரக்கு' என்று நாம் சொல்லாமல் சொல்கிறோம். ஹாம்பர்க்கில் 'இந்தச் சரக்குக்கு இங்கே வரி இல்லை' என்று நடந்துகொண்டால், முதலில் சொன்னது பொய்யாகிறது. அந்நிய அரசுக்குக் கடமையில்லை என்று வாதிடுபவருக்கும், தன் வாக்குக்குத் தான் கட்டுப்பட்டவன் என்பதில் மறுப்பிருக்காது.

'ஆனாலும் அது அந்நிய அரசு. அதன் கொள்கைகளில் பல எனக்கு ஒப்பாதவை. என் மக்களுக்கு அநீதி செய்யும் நாடுகளும் அவற்றில் உண்டு.' இது வெறும் சாக்கு அல்ல; உண்மையான வேதனையிலிருந்து வருவது. பழைய ஹனஃபி சட்ட அறிஞர்கள் இதை இன்னும் கடுமையான வடிவத்தில் சந்தித்திருக்கிறார்கள். போர் நிலையில் இருக்கும் நாட்டுக்குள் அடைக்கலம் பெற்று வணிகத்துக்குப் போகும் முஸ்லிம், அங்கே உள்ளவர்களின் பொருளில் மோசடி செய்யலாமா என்பது அன்றைய கேள்வி. கூடாது என்பது அவர்கள் தீர்ப்பு. அடைக்கலம் பெற்று நுழைவதே ஓர் உடன்படிக்கை. அதன் நிபந்தனைகளை மீறுவது துரோகம். எட்டாம் நூற்றாண்டின் இமாம் முகம்மது ஷைபானியின் பன்னாட்டுறவு நூல்கள் இந்த வகைக் கேள்விகளை விரிவாக எடுத்துக்கொண்டவை. கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக அபூயூசுப் எழுதிய வரி நூல், கலீஃபா உமர் காலத்து எல்லை வரியைப் பதிந்திருக்கிறது: நம் வணிகரிடம் அவர்கள் எவ்வளவு எடுக்கிறார்களோ அவ்வளவையே அவர்கள் வணிகரிடம் எடுக்க வேண்டும், 200 திர்ஹமுக்குக் கீழான சரக்குக்கு ஒன்றுமில்லை. பரஸ்பரமும் குறைந்தபட்ச வரம்பும் ஏழாம் நூற்றாண்டிலேயே இருந்தன என்பது எனக்கு ஆச்சரியம் தருகிறது. எல்லாவற்றுக்கும் மேலான சான்று ஹிஜ்ரத்தில் இருக்கிறது. 622இல் நபிகள் நாயகம் மக்காவை விட்டுப் புறப்பட்டபோது, தன்னிடம் அமானிதமாக வைக்கப்பட்ட பொருள்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காக அலீ அவர்களை அங்கே விட்டுச் சென்றார்கள். அந்த உரியவர்களில் அவரை ஊரைவிட்டு விரட்டியவர்களும் இருந்தார்கள். அமானிதத்தின் கடமை, வைத்தவரின் குணத்தைப் பார்த்து வருவதல்ல என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்த ஊர்களுக்கென்றே ஒரு மறுப்பு உண்டு, அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. தோல் கெடாமலிருக்கப் போட்ட உப்பும், பதனிடப் போட்ட குரோமியமும் பாலாற்றுப் படுகையில் தங்கிவிட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பளித்தபோது, தோல் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனதாக அதன் முன் இருந்த ஆய்வு சொன்னது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் இந்த மண்ணின் வழக்குக்குப் பெரும் பங்கு உண்டு. 2025 ஜனவரி 30இலும் இதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. ஆக, ஷூவை அணிபவர் ஹாம்பர்க்கில், அதன் விலைமேல் விழும் 19 சதவீத வரி ஜெர்மனிக்கு, உப்பு நமக்கு. அனுபவிக்கும் இடத்தில் வரி என்ற கோட்பாடு, துன்பப்படும் இடத்தை மறந்துவிடுகிறது. இது அநீதி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஐரோப்பிய வாங்குபவர் கொடுக்கும் விலையில் பாலாற்றைச் சீராக்கும் செலவும் இருக்க வேண்டும் என்று கேட்பதும் நம் உரிமை. ஆனால் ஜெர்மன் வரியைக் கட்டாமல் வைத்துக்கொள்வதால் பாலாற்றுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வருவதில்லை. அது வணிகரின் பெட்டியில்தான் தங்கும். விவசாயியின் கிணற்றுக்குச் சேர வேண்டியதும், ஜெர்மன் வாடிக்கையாளர் தன் நாட்டுக்காகக் கொடுத்ததும் இரண்டு தனித்தனி அமானிதங்கள். ஒன்றைத் தின்பது இன்னொன்றைத் தீர்க்காது.

சிறியவரின் நிலைமை வேறு. பத்துத் தையல்காரர்களை வைத்து பர்ஸ் செய்யும் ஒருவர் 27 நாடுகளின் வரி விகிதத்தையும் அமெரிக்க மாநிலங்களின் வரம்புகளையும் எங்கே போய்த் தெரிந்துகொள்வது? சக்திக்கு மீறிய சுமையை இறைவன் வைப்பதில்லை என்பது மார்க்கத்தின் அடிப்படை. என் பதில், கடமை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து வருகிறது என்பது. துறைமுகத்தோடு பொறுப்பு முடியும்படி இறக்குமதியாளருக்கு விற்கலாம். வரியைப் பிடித்துக் கட்டும் இணையச் சந்தை வழியாக விற்கலாம். வாசலில் சேர்ப்பேன் என்று தானாக வாக்குக் கொடுத்தவருக்குத்தான் வாக்கின் சுமையும். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் உள்ளூர்க் கடைக்காரர் ஆண்டுக்கு 90,000 பவுண்டு விற்கும் வரை பதிய வேண்டியதில்லை. வெளிநாட்டவருக்கு முதல் பொருளிலிருந்தே பதிவு. வெளியூர்க்காரன் என்பதற்காக வேறு அளவுகோல் வைப்பது நியாயமல்ல. இதை எப்படி எதிர்ப்பது என்பதற்குத் தோல் வணிகமே நல்ல முன்னுதாரணம் தருகிறது. அன்றைய சென்னை மாநிலத்தின் விதி, வெளிமாநிலத்தில் பதனிட்டு வந்த தோலுக்கு அதன் விற்பனை விலையிலும், உள்ளே பதனிட்ட தோலுக்குப் பச்சைத் தோலின் குறைந்த விலையிலும் வரி போட்டது. மஹ்தாப் மஜீத் கம்பெனி என்ற தோல் வணிக நிறுவனம் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 1962இல் அரசியலமைப்பின் 304ஆம் பிரிவின்படி அந்தப் பாகுபாட்டை விழ வைத்தது. சட்டமன்றம் 1963இல் மாற்றுச் சட்டம் கொண்டுவர, ஹாஜி அப்துல் ஷுக்கூர் கம்பெனியின் வழக்கில் 1964இல் அதன் பாகுபாடும் செல்லாமல் போனது. அவர்கள் கணக்கை மறைத்துத் தப்பிக்கவில்லை. கணக்கைக் காட்டி, நீதிமன்றத்தில் நின்று, தங்களுக்கும் தங்களுக்குப் பின் வந்தவர்களுக்கும் நியாயம் வாங்கினார்கள்.

வரி என்றாலே பறிப்பு என்ற எண்ணத்துக்கு எதிராக இன்னொரு செய்தியும் உண்டு. இந்தியாவிலேயே முதல் பொது விற்பனை வரியை 1939இல் ராஜாஜியின் அமைச்சரவை சென்னை மாகாணத்தில் கொண்டுவந்தது. மதுவிலக்கால் போன கலால் வருமானத்தை ஈடுசெய்வது அதன் முக்கிய நோக்கம். சேலத்தில் 1937இல் தொடங்கிய மதுவிலக்கு, பேரணாம்பட்டு அடங்கிய வட ஆற்காட்டுக்கு அதே 1939இல் வந்தது. மதுவை ஹராம் என்று கொண்ட ஒரு வணிகச் சமூகத்துக்கு, மதுக்காசுக்குப் பதிலாக வந்த வரி முழுக்க அந்நியமானதாக இருந்திருக்க முடியாது. பின்னால் 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது, வரி மட்டும் நிலைத்துவிட்டது. அது வேறு துயரம்.

அமானிதம் என்று வணிகரிடம் பேசும் அரசும் அதே அளவுகோலுக்கு உட்பட்டதுதான். ஏற்றுமதியாளரின் ரீஃபண்ட் 60 நாளுக்குள் தரப்பட வேண்டும் என்கிறது சட்டம். தாமதித்தால் அரசு தரும் வட்டி 6 சதவீதம். வணிகர் வரியைத் தாமதித்தால் அவர் கட்டும் வட்டி 18. வட்டி கூடாது என்று வாழும் ஒருவருக்கு இரண்டுமே கசப்பு. ஆனாலும் தன்னிடம் தங்கிய பிறர் பணத்துக்கு ஒரு மதிப்பும், பிறரிடம் தங்கிய தன் பணத்துக்கு அதன் மூன்று மடங்கு மதிப்பும் வைக்கும் அரசு, அமானிதத்தைப் பற்றிப் போதிக்கும் தகுதியைக் குறைத்துக்கொள்கிறது. இதைத் தோல் ஏற்றுமதியாளர்கள் உரக்கக் கேட்க வேண்டும். அரசின் தவறால் வணிகரின் கடமை தளர்வதில்லை என்பதை மேலே சொன்ன ஹிஜ்ரத் நிகழ்ச்சியே காட்டிவிட்டது.

கடைசியாக, நடந்து முடிந்ததைப் பற்றி. பதியாமல் சில ஆண்டுகள் விற்றுவிட்டு இப்போது மனம் உறுத்தும் ஒருவர், அந்தத் தொகையைக் கணக்கிட்டு மதரசாவுக்கோ வழிப்போக்கர் தங்கும் முஸாஃபிர்கானாவுக்கோ கொடுத்துவிட்டால் தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். நல்ல எண்ணம்தான், ஆனால் தீராது. முறையற்று வந்த பொருளைத் தர்மம் செய்துவிடலாம் என்று மார்க்க அறிஞர்கள் சொன்னது, உரியவரைக் கண்டுபிடிக்க முடியாத நிலைக்கு. உரியவர் தெரிந்திருக்கும்போது அவரிடம் சேர்ப்பதே வழி. ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் நியூயார்க்குக்கும் வரி அலுவலகமும் முகவரியும் இருக்கின்றன. பழைய விற்பனையைத் தானாக முன்வந்து அறிவிப்பவருக்கு அபராதத்தைக் குறைக்கும் அல்லது நீக்கும் ஏற்பாடு அங்கே பல இடங்களில் உண்டு. விற்பனைப் பட்டியலும் நாடு வாரியான கணக்கும் கம்பெனியின் கணினியில் ஏற்கெனவே இருக்கும். அதை எடுத்துக்கொண்டு போகவேண்டியது முதலில் ஆடிட்டரிடம், பிறகு அந்த நாட்டுத் துறையிடம். மதரசாவுக்குக் கொடுக்க நினைத்ததை, அது தீர்ந்த பிறகு, தன் சொந்த லாபத்திலிருந்து கொடுக்கலாம்.